டெர்மினலில் பாதி நீலம், பாதி கறுப்பு ஏன்?

லினக்ஸில் ஸ்கிரீன் நிரலுக்குள் விம் எடிட்டரைத் திறக்கிறீர்கள். நீலப் பின்னணி வைத்திருக்கிறீர்கள். ஆனால் எழுத்து உள்ள இடம் மட்டும் நீலமாகவும், வரி முடிந்தபின் மிச்சமெல்லாம் கறுப்பாகவும் தெரிகிறது. உடனே விம்மை நீக்கி மறுபடி நிறுவுபவர்கள் உண்டு. அதனால் பயன் இல்லை நண்பர்களே! இந்தக் கோளாறின் வேர் 1970களில் இருக்கிறது.

அன்று கணினி எங்கோ ஓர் அறையில் இருக்கும். நம் முன்னால் இருப்பது திரையும் விசைப்பலகையும் சேர்ந்த டெர்மினல் மட்டுமே. நொடிக்கு 300 பிட் வேக மோடத்தில் சுமார் 30 எழுத்துகள்தான் போகும். 80 எழுத்து அகலமுள்ள ஒரு வரியை வெற்றிடங்களால் நிரப்பி அழிக்க இரண்டரை நொடிக்கு மேல் ஆகும்! அதனால் "இங்கிருந்து வரி முடியும்வரை அழி" என்று மூன்றே எழுத்தில் ஒரு குறி வைத்தார்கள். இத்தகைய குறிகளுக்கான ஈ.சி.எம்.ஏ.-48 தரம் 1976-ல் வந்தது. 1978-ல் டெக் நிறுவனம் வெளியிட்ட வி.டி.100 இவற்றைப் பிரபலமாக்கியது.

வி.டி.100-ல் வண்ணம் கிடையாது. ஆகவே அழித்த இடம் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வியே எழவில்லை. வண்ண டெர்மினல்கள் வந்ததும் இரண்டு வழக்கங்கள் உண்டாயின. சில, நடப்புப் பின்னணி நிறத்தையே பூசின. மற்றவை டெர்மினலின் இயல்பு நிறத்துக்குத் திரும்பின.

எந்த டெர்மினல் எந்த ரகம் என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? பெர்க்லியில் பில் ஜாய் 1978-ல் டெர்ம்கேப் என்ற பட்டியலை உருவாக்கினார். 1980களின் தொடக்கத்தில் மார்க் ஹார்ட்டனின் டெர்மின்ஃபோ வந்தது. அதில் இந்த வழக்கத்தைக் குறிக்கும் அடையாளத்துக்கு பி.சி.இ. என்று பெயர். டெர்ம் என்ற மாறியில் உள்ள பெயரை வைத்துத்தான் நிரல் இந்தப் பட்டியலைப் புரட்டுகிறது.

கோளாறு இங்கேதான். 256 நிறம் வேண்டுமென்று பலர் பாஷ் அமைப்புக் கோப்பில் டெர்ம் மாறிக்கு 'எக்ஸ்டெர்ம்-256கலர்' என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்கிரீனுக்குள்ளும் அதே பெயர் தொடர்கிறது. எக்ஸ்டெர்முக்கு பி.சி.இ. உண்டு என்கிறது பட்டியல். அதை நம்பி விம் அழிக்கும் குறியை மட்டும் அனுப்புகிறது. ஆனால் 1987-ல் பிறந்த ஸ்கிரீன், இயல்பான அமைப்பில் அப்படிப் பூசுவதில்லை. அதனால்தான் கறுப்புத் திட்டுகள்.

சோதிப்பது சுலபம். பின்னணியை நீலமாக்கும் 44 என்ற எண்ணுள்ள குறியையும், அடுத்து வரியை அழிக்கும் குறியையும் அனுப்புங்கள். வரி முழுதும் நீலமானால் பி.சி.இ. உண்டு, இல்லையேல் இல்லை.

தீர்வு? பாஷ் கோப்பில் அந்த வரியை நீக்கிவிட்டு, ஸ்கிரீனின் அமைப்புக் கோப்பில் 'ஸ்கிரீன்-256கலர்' என்று கொடுங்கள். பி.சி.இ. இல்லை என்று தெரிந்துகொண்ட விம், வெற்றிடங்களை நீல நிறத்தோடு தானே நிரப்பிவிடும்.

விம் மீதும் தப்பில்லை, ஸ்கிரீன் மீதும் தப்பில்லை. நாம் சொன்ன பெயர்தான் பொய்!