செக்யூர் பூட்

கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் நிலைபொருளான யூஇஎஃப்ஐ, இயங்குதளத்தை ஏற்றும் நிரலின் மின்னொப்பத்தைச் சரிபார்த்த பிறகே அதற்கு வழிவிடும் ஏற்பாடு. 2011இல் வெளியான யூஇஎஃப்ஐ 2.3.1 விவரக்குறிப்பில் இடம்பெற்று, 2012இல் விண்டோஸ் 8 கணினிகளோடு பரவியது. இயங்குதளத்துக்கு முன்பே நுழைந்துகொள்ளும் பூட்கிட் வகைத் தீநிரல்களைத் தடுப்பது இதன் நோக்கம்.

ஏற்கத்தக்க ஒப்பங்கள் ‘டிபி’ பட்டியலிலும், விலக்கப்பட்டவை ‘டிபிஎக்ஸ்’ பட்டியலிலும் இருக்கும். பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசாஃப்டின் சாவிகளே பதிந்திருப்பதால், உபுண்டு, ஃபெடோரா போன்றவை அந்நிறுவனம் ஒப்பமிட்ட ‘ஷிம்’ என்னும் சிறு நிரலை முன்னால் அனுப்பி உள்ளே வருகின்றன. லினக்ஸ் நிறுவ இதை அணைத்தே ஆகவேண்டும் என்று இன்னும் சொல்லப்படுவது பெரும்பாலும் பழக்கதோஷம்தான்.

அணைப்பதற்கு, கணினி தொடங்கும்போதே எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டி (தயாரிப்பாளருக்கு ஏற்ப விசை மாறும்) அமைப்புத் திரைக்குள் போக வேண்டும். ‘பூட்’ அல்லது ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் ‘எனேபிள்டு’ என்றிருப்பதை ‘டிஸேபிள்டு’ ஆக்கிச் சேமித்தால் முடிந்தது. சில மடிக்கணினிகளில் அந்த வரி மங்கலாகத் தெரியும்; மேற்பார்வைக் கடவுச்சொல் ஒன்றை அமைத்த பிறகே கைக்கு வரும். பிட்லாக்கர் பூட்டிய வட்டென்றால் அடுத்த தொடக்கத்தில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மீண்டும் இயக்கும்போது, பழைய பயாஸ் முறைக்கான சிஎஸ்எம் அணைந்திருக்க வேண்டும்.

2023இல் வெளிச்சத்துக்கு வந்த பிளாக்லோட்டஸ் என்னும் பூட்கிட், முறையான ஒப்பமுள்ள பழைய விண்டோஸ் நிரலின் ஓட்டை வழியே இக்காவலைத் தாண்டியது. அந்நிரல் அப்போது விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை.