உலக ஸ்நூக்கர் பட்டப் போட்டியின் வரலாறு

பச்சைத் துணி போர்த்த நீண்ட மேஜை. அதன்மேல் 22 பந்துகள். கையில் ஒரு கோல். ஸ்நூக்கர் எனப்படும் விளையாட்டிற்கு வேண்டிய கருவிகள் இவையே. வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, சிவப்புப் பந்து ஒன்றை மேஜையின் ஓரத்துப் பையில் வீழ்த்தினால் ஒரு புள்ளி. அடுத்து வேறு நிறப் பந்தொன்றை வீழ்த்தலாம். மஞ்சளுக்கு 2 புள்ளிகள் என்று தொடங்கிக் கறுப்புக்கு 7 வரை உயரும். கிளப்புகளில் இவ்வாட்டத்தை நம்மவர் பலரும் கண்டிருப்பர். ஆயினும் இதன் உலகப் பட்டப் போட்டி எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு அழியுந் தறுவாயினின்று மீண்டது என்பது பலரும் அறியாத கதை. சங்கம் நடத்துவோர் அறிந்துகொள்ளத் தக்க கதையுங்கூட.

இவ்வாட்டம் பிறந்தது நம் நாட்டிலேயே. 1875-ஆம் ஆண்டில் ஜபல்பூர் பாசறையில், நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் ஆங்கில இராணுவ அதிகாரி, அக்காலத்தில் வழங்கிய பந்தாட்டங்கள் சிலவற்றைக் கலந்து இதனை உருவாக்கினார். (பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமராயிருந்த சேம்பர்லேன் வேறொருவர்.) இராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவரைக் கேலியாக அழைக்கும் ‘ஸ்நூக்கர்’ என்ற சொல்லே ஆட்டத்திற்குப் பெயராயிற்று. பின்னர் அவர் சென்னை இராணுவத் தளபதி ராபர்ட்ஸுடன் உதகமண்டலத்தில் பணியாற்றியபோது, 1882-இல் உதகைக் கிளப்பில் இதன் விதிகள் எழுதி வைக்கப்பட்டன. ஜபல்பூரில் பிறந்த குழந்தை நீலகிரியில் எழுத்தறிவு பெற்றது எனலாம்.

கப்பலேறி இங்கிலாந்து சென்ற ஸ்நூக்கருக்கு அங்கே நெடுங்காலம் இரண்டாம் பந்திதான். பில்லியர்ட்ஸே பெரியோர் ஆட்டமெனக் கருதப்பட்டது. ஆனால் அதில் வல்லவர்கள் நூற்றுக்கணக்கான புள்ளிகளை ஓய்வின்றி எடுத்துக்கொண்டே போனமையால், காண்போருக்குச் சலிப்புத் தட்டலாயிற்று. மண்டபங்களில் பணம் கொடுத்து விளையாடவந்த பொதுமக்களோ ஸ்நூக்கரையே விரும்பினர். 1924-இல் டாம் டென்னிஸ் என்னும் ஆட்டக்காரர், தொழில்முறை ஸ்நூக்கர் போட்டி ஒன்று நடத்துமாறு நிர்வாகச் சங்கத்தை வேண்டினார். இவ்வாட்டத்தைக் காணக் கூட்டம் வருமா என்பது ஐயமே என்று கூறிச் சங்கம் மறுத்துவிட்டது.

சங்கத்தின் ஐயத்தைச் செயலால் தீர்த்தவர்கள் இருவர். ஒருவர் பில்லியர்ட்ஸ் வீரர் ஜோ டேவிஸ். மற்றவர் பர்மிங்ஹாம் நகரில் பந்தாட்ட மண்டபம் நடத்திய பில் காம்கின். இவர்களின் முயற்சியால் 1926-இன் இறுதியில் முதற்போட்டி தொடங்கியது. பெயர் கொடுத்தவர்கள் பத்துப் பேர். 1927 மே மாதம் பர்மிங்ஹாமில் காம்கினின் மண்டபத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தில், முன்னர் விண்ணப்பித்து ஏமாந்த அதே டென்னிஸை ஜோ டேவிஸ் 20-11 என வென்றார். அவருக்குக் கிடைத்த தொகை 6 பவுன் 10 ஷில்லிங் மட்டுமே. நுழைவுச் சீட்டு வசூலில் ஆட்டக்காரர்களுக்கு உரிய பாதியைக் கொண்டு சங்கம் ஒரு வெள்ளிக் கோப்பை வாங்கியது. ஆட்டக்காரர்களின் உழைப்பில் வாங்கிய அந்தக் கோப்பையே இன்றளவும் உலக வீரரின் கையில் ஏறுகிறது!

தொடக்கம் சிறப்புற்றதே தவிர, வளர்ச்சி எளிதாயிருக்கவில்லை. 1931-இல் போட்டிக்கு வந்தவர்கள் ஜோ டேவிஸும் டென்னிஸும் ஆகிய இருவரே; 1934-லும் இருவரே. ‘ஆளில்லையே, இவ்வாண்டு விட்டுவிடலாம்’ என்று எவரும் கைவிடவில்லை. இருவராயினும் ஆடினர், ஆண்டுக் கணக்கு அறுபடவில்லை. உலகப் போரினால் 1941 முதல் 1945 வரை போட்டி நின்றது. 1946-இல் மீண்டும் நடந்தபோதும் வென்றவர் ஜோ டேவிஸே. பதினைந்து முறை பட்டம் வென்று, ஒருமுறையேனும் அதனை இழக்காமலே அவர் விலகினார்.

போரால் சாகாத போட்டியைப் பூசல் கொல்லப் பார்த்தது. 1952-இல் நிர்வாகச் சங்கத்திற்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் பணப்பங்கீடு முதலிய விஷயங்களில் மனத்தாங்கல் முற்றிற்று. ஆட்டக்காரர்கள் பிரிந்து சென்று தனிப் போட்டி நடத்தினர். சங்கம் நடத்திய போட்டியில் ஆஸ்திரேலியரான ஹொரேஸ் லிண்ட்ரமும் நியூசிலாந்து வீரர் மக்கானகியும் மட்டுமே ஆட, லிண்ட்ரம் வென்றார். சட்டம் ஒரு பக்கம் இருந்தது. கூட்டம் மறுபக்கம் இருந்தது. இரண்டும் பிரிந்தபின் இரண்டுமே நலிந்தன. 1957-இல் ஆட்டக்காரர்களின் போட்டிக்கு வந்தோர் நால்வர். ஜான் புல்மன் வென்றார். அதன்பின் 1964 வரை போட்டியே இல்லை. குண்டுமழை நிறுத்தியது ஐந்தாண்டுகள். பூசலுக்குப்பின் வந்த நலிவு நிறுத்தியதோ ஆறாண்டுகள்!

1964-இல் பழைய பகை மறந்து, வென்றவரை ஒருவர் அறைகூவி ஆடும் முறையில் பட்டம் மீண்டும் உயிர்பெற்றது. 1969-இல் பலர் கலந்துகொள்ளும் பழைய முறை திரும்பிற்று. ஜான் ஸ்பென்சர் வென்றார். அதே ஆண்டில் இன்னொரு நல்வாய்ப்பும் சேர்ந்தது. வண்ணத் தொலைக்காட்சியின் அழகைக் காட்ட ஏற்ற ஆட்டம் ஸ்நூக்கரே என்றுணர்ந்த பி.பி.சி., அதனை ஒளிபரப்பத் தொடங்கியது. வீட்டுக் கூடத்திலேயே மக்கள் ஆட்டம் பழகினர்.

1977-இல் ஷெபீல்டு நகரின் குரூசிபில் நாடக அரங்கிற்குப் போட்டி குடிபெயர்ந்தது. அங்கு நாடகம் காணச் சென்ற, அமைப்பாளர் மைக் வாட்டர்சனின் மனைவியார், ‘இது பந்தாட்டத்திற்கு ஏற்ற அரங்கு’ எனக் கணவரிடம் கூறியதன் பயன் அது. 1985-இல் அங்கே நடந்த இறுதிப் பந்தயத்தில் டெனிஸ் டெய்லர் தொடக்கத்தில் எட்டு ஆட்டங்கள் பின்தங்கி, நள்ளிரவுக்குப்பின் கடைசி ஆட்டத்தின் கடைசிக் கறுப்புப் பந்தில் ஸ்டீவ் டேவிஸை 18-17 என வென்றார். அதனைக் கண் விழித்துக் கண்டோர் 1 கோடியே 85 இலட்சம் பேர். கூட்டம் வருமா என்று 1924-இல் எழுந்த ஐயத்திற்கு இதைவிடச் சிறந்த விடை ஏது?

2025-இல் சீன நாட்டின் ஜாவோ சின்டோங் பட்டம் வென்றார். அவர் நாட்டவர் எவரும் அதற்குமுன் வென்றதில்லை. பரிசு 5 இலட்சம் பவுன். ஆட்டம் பிறந்த நாடும் உறங்கிவிடவில்லை. 1984-இல் ஓம் அகர்வால் தொழில்முறை சாராதோருக்கான உலகப் பட்டம் பெற்றார். 2013-இல் புது தில்லியில் நடந்த இந்தியன் ஓப்பன் தொழில்முறைப் போட்டியில் ஆதித்ய மேத்தா இறுதிவரை முன்னேறினார்.

பரிசுத் தொகை 6 பவுனிலிருந்து இலட்சங்களாகப் பெருகியது வியப்பே. அதனினும் பெரிய வியப்பு, இருவர் மட்டுமே வந்த ஆண்டிலும் மேஜையை விரித்து ஆடிய அந்த உறுதி. ஆள் குறைவினால் ஓர் அமைப்பு அழிவதில்லை. மனம் பிரிந்தால் அழியும். ஊர் விட்டு ஊர் வந்து, ஆண்டுதோறும் விழா எடுத்து வரும் நாம், அவ்வெள்ளிக் கோப்பையின் கதையில் கொள்ளத்தக்க பாடம் இதுவேயாகும்.