எதை எண்ணினோம்? வன்னி யானைகளும் ஆண்டறிக்கைகளின் வரலாறும்

அறிமுகம்

வவுனியா வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவின் நிர்வாக மையம் நெடுங்கேணி. புளியங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், வயலும் சேனையும் காடும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் நிலத்தில் அது அமைந்திருக்கிறது. காலபோக நெல் முற்றும் இரவுகளில் பரணில் விழித்திருக்கும் கமக்காரருக்கு யானை என்பது அன்றாடக் கவலை. அதே யானைகளைப் பற்றிக் கொழும்பில் ஆண்டுதோறும் அறிக்கைகள் எழுதப்படுகின்றன. அவற்றை எழுதியவர் யார், யாருக்காக எழுதினர், எதை எண்ணினர் என்பதைக் காலவரிசையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கவும் கேள்வி எழுப்பவும் உரிமை பெற்றவர்களே, அது எதை எண்ண வேண்டும் என்பதையும் தீர்மானித்து வந்திருக்கிறார்கள் என்பது இதன் கருதுகோள்.

திறையும் வெகுமதியும்

நெடுங்கேணியை உள்ளடக்கிய வன்னியில் யானை முதலில் வருமானக் கணக்கில்தான் ஏறியது. அங்கு ஆண்ட வன்னியர் எனும் சிற்றரசர்கள் யாழ்ப்பாண அரசுக்கும், பின்னர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். பிடிபட்ட யானைகள் யாழ்ப்பாணம் கொண்டுசெல்லப்பட்டு இந்தியாவுக்கு விற்கப்பட்டன. எத்தனை யானை வந்தது, எத்தனை நிலுவை என்பதே ஆட்சியாளர் வைத்த கணக்கு.

பிரித்தானியர் காலத்தில் இந்தக் கணக்கு கொடூரமாகத் திரும்பியது. பயிருக்குத் தீங்கு செய்யும் விலங்கு என்று கருதி, கொல்லப்பட்ட ஒவ்வொரு யானைக்கும் அரசு வெகுமதி வழங்கியது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு இவ்வாறு பணம் கொடுக்கப்பட்டதாக, குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்கிறார். உயிரோடு எஞ்சியவை எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. செலவான பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததால்தான் செத்தவையேனும் எண்ணப்பட்டன.

அங்கத்தவர்களின் காலம்

பாதுகாப்புப் பணி பற்றி அங்கத்தவர்களுக்கு ஆண்டுதோறும் கணக்குச் சொல்லும் மரபு தனியார் சங்கங்களிலிருந்து வந்தது. 1826இல் இலண்டனில் தொடங்கிய விலங்கியல் சங்கம் இதற்கு முன்னோடி. சந்தா செலுத்தியவர்கள் பொதுக் கூட்டத்தில் அமர்ந்து, விலங்குச்சாலையின் வரவுசெலவையும் பிறப்பு இறப்பையும் கேட்டறிந்தனர்.

இலங்கையில் 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. தோலுக்காகவும் கொம்புக்காகவும் மான்கள் பெருமளவில் கொல்லப்படுவதைத் தடுப்பது அதன் தொடக்க கால அக்கறைகளுள் முதன்மையானது. அங்கத்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் அரச உத்தியோகத்தர்களும் ஆவர். அவர்களே வேட்டைக்காரர்கள். அனுமதிப்பத்திரமும் வேட்டைக்குத் தடைசெய்யப்பட்ட பருவமும் இருந்தால் விலங்குகள் நிலைக்கும் என்று நம்பினர். உணவுக்காகவும் பயிர் காக்கவும் சுட்ட கிராமத்தவர் அவர்கள் பார்வையில் பிரச்சினையின் பக்கம் நின்றார்கள்.

ஆயினும் அச்சங்கத்தின் பங்களிப்பைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. யால சரணாலயத்தின் தொடக்க காலப் பராமரிப்பில் அதற்குப் பெரும் பங்குண்டு. 1936இல் அது தொடங்கிய ‘லோரிஸ்’ சஞ்சிகை, காடு பற்றிய அவதானிப்புகளைத் தலைமுறைகள் தாண்டிச் சேமித்தது. வேட்டைக்காரர் கூட்டமாகப் பிறந்து, இன்று வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்திருப்பது, அங்கத்தவர் மனம் மாறக்கூடியது என்பதற்குச் சான்று.

திணைக்களங்களின் காலம்

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1949இல் உருவான வனஜீவராசிகள் திணைக்களமும் இப்பொறுப்பை அரசிடம் சேர்த்தன. ஜோன் ஹாகன்பெக் நடத்திய தெஹிவளை விலங்குச்சாலையை 1936இலேயே அரசு ஏற்றிருந்தது. 1975இல் தொடங்கிய பின்னவல யானைகள் சரணாலயம் 1978இல் விலங்கியல் பூங்காத் திணைக்களத்தின் கீழ் வந்தது.

இதன்பின் இருவகை அறிக்கைகள் எழலாயின. விலங்குச்சாலை தன் வேலிக்குள் உள்ளவற்றைத் துல்லியமாகச் சொல்ல முடியும்: பிறந்தவை, இறந்தவை, வந்த பார்வையாளர், கிடைத்த கட்டணம். காட்டின் அறிக்கையோ வர்த்தமானியில் அறிவித்த பரப்பையே பெரிதும் சார்ந்திருந்தது. வடக்கில் சுண்டிக்குளம் 1938இலும் கொக்கிளாய் 1951இலும் சரணாலயங்களாயின. சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015இல் தேசிய பூங்காக்களாகத் தரமுயர்ந்தன. நெடுங்கேணி போன்ற இடங்களில் யானை வர்த்தமானி எல்லைக்கு வெளியேதான் அதிகம் நடமாடுகிறது. அறிக்கை பூங்காவை அலகாகக் கொண்டபோது, ஊரை அண்டிய அந்த வெளி கண்ணிலிருந்து தப்பியது.

போரும் கணக்கெடுப்பும்

1993இல் நடந்த யானைக் கணக்கெடுப்பில் உள்நாட்டுப் போர் காரணமாக வடக்கும் கிழக்கும் இடம்பெறவில்லை. வன்னியின் யானைகளும் அவற்றோடு வாழ்ந்த மக்களும் ஒருசேர விடுபட்டனர். இடம்பெயர்ந்தவர்களின் வயல்களில் பற்றைகள் வளர்ந்து காடாயின. அவர்கள் மீள்குடியேறியபோது யானைகள் அந்நிலங்களைத் தம் வழக்கமான மேய்ச்சலிடங்களாக்கியிருந்தன.

நாடு முழுவதற்குமான முதல் கணக்கெடுப்பு 2011 ஓகஸ்டில் நீர்நிலைகளை மையமாகக் கொண்டு நடந்தது. 5,879 யானைகள் என்பது அறிவிக்கப்பட்ட தொகை. கணக்கெடுப்புக்குச் சற்று முன்னர், காட்டு யானைகளைப் பிடித்து விகாரைகளுக்கு வழங்கும் திட்டம் பற்றிய செய்தி வெளிவந்தது. பல பாதுகாப்பு அமைப்புகள் உடனே விலகிக்கொண்டன. எண்ணுவது எதற்காக என்று அறியாமல் எண்ணிக் கொடுக்க மாட்டோம் என்பதே அந்த விலகலின் பொருள். இந்த வரலாற்றில் அங்கத்தவர் குரல் ஓங்கி ஒலித்த தருணம் அது. அத்தகைய விலகல் வழி வன்னிக் கமக்காரருக்கு இருக்கவில்லை.

இன்றைய நிலை

2019இல் மட்டும் 405 யானைகளும் 121 மனிதர்களும் மனித-யானை மோதலில் உயிரிழந்ததாக உத்தியோகபூர்வத் தரவுகள் கூறுகின்றன. 2021இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இலங்கை நிலப்பரப்பின் சுமார் 60 வீதத்தில் யானைகள் உள்ளன என்றும், அப்பரப்பின் ஏறத்தாழ 70 வீதத்தில் மக்களும் வாழ்கிறார்கள் என்றும் காட்டியது. ஆகவே யானையைப் பூங்காவுக்குள் துரத்தி வேலியிடுவது தீர்வாகாது. யானை ஆய்வாளர் பிருதுவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் தயாரித்த தேசிய செயற்றிட்டமும் இதையே வலியுறுத்தியது. ஊரைச் சுற்றி நிலையான மின்வேலி, வயலைச் சுற்றிப் பயிர்க் காலத்துக்கு மட்டுமான வேலி, அவற்றைப் பராமரிப்பதில் கிராமத்தவர் பங்கு ஆகியன அதன் உயிர்நாடி.

முடிவுரை

திறை கேட்டவர் பிடிபட்ட யானையை எண்ணினார். வெகுமதி கொடுத்தவர் செத்த யானையை எண்ணினார். வேட்டைச் சங்கம் அனுமதிப்பத்திரத்தையும், திணைக்களம் பூங்காவையும் எண்ணின. கேட்டவர் மாறியபோதெல்லாம் கணக்கும் மாறியிருக்கிறது. நெடுங்கேணியின் கமக்கார அமைப்புகளும் மாதர் சங்கங்களும் இனி அந்தக் கேட்பவர் வரிசையில் அமர வேண்டும். மின்வேலி எத்தனை இரவுகள் வேலை செய்தது, நட்டஈடு கைக்கு வர எத்தனை மாதமானது, எந்தக் குளத்தருகே எந்த மாதத்தில் யானை கடக்கிறது என்பவை பிரதேசவாரியாக, தமிழில், ஆண்டறிக்கையில் இடம்பெற வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதைக் கேட்கும் வழியைத் திறந்திருக்கிறது. யானையோடு வாழ்பவர் படித்துத் திருத்தும் அறிக்கையே யானையையும் காக்கும், அவர்கள் உயிரையும் காக்கும்.