தேடற் கட்டளையின் பூர்வோத்தரம்

1972-ஆம் ஆண்டில் லாக்ஹீட் என்னும் அமெரிக்க விமான நிறுவனம், ரோஜர் சம்மிட் என்பவர் உருவாக்கியிருந்த டயலாக் என்ற தேடல் அமைப்பைக் கட்டணச் சேவையாக வெளியாருக்குத் திறந்துவிட்டபோது, அதன் முன் அமர்ந்தவர்களிற் பெரும்பாலோர் ஆராய்ச்சியாளர்கள் அல்லர். அவர்கள் சார்பில் கேள்வி கேட்கப் பயிற்சி பெற்ற நூலகர்களே. இணைப்பில் இருக்கும் நேரத்துக்கெல்லாம் கட்டணம் ஏறிக்கொண்டிருக்குமாகையால், கேட்க வேண்டியதை முன்கூட்டியே காகிதத்தில் வகுத்துக்கொண்டு வந்து, ஒரு சொல்லைத் தேடச் செய்து, கிடைத்த தொகுதிக்கு யந்திரம் இட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த சொல்லுக்கும் அவ்வாறே செய்து, பிறகு முதல் தொகுதியிலும் இரண்டாவதிலும் ஒருங்கே உள்ளவை, அவற்றுள்ளும் மூன்றாவதில் உள்ளவை நீங்கலாக என்று அந்த எண்களைக் கொண்டே முடிவை எட்டுவது அவர்களுடைய சம்பிரதாயமாயிருந்தது. ஜார்ஜ் பூல் 1854-இல் வெளியிட்ட தர்க்க சாஸ்திர நூலின் கணிதம்தான் இதற்கெல்லாம் ஆதாரம். வினவலைப் பகுதி பகுதியாகக் கட்டுவதைத் தம் காலத்துப் புதுமையென்று கருதும் இன்றைய நிரலாளர்கள், அந்த நூலகர்களின் காகிதங்களை ஒருமுறை பார்த்தாற் போதும்.

வலைத்தளங்களின் காலம் பிறந்ததும் அந்தப் பொறுமை மறைந்தது. ஒரே பெட்டி, அதனுள் ஒரே வரி என்பது வழக்கமாயிற்று. டக் கட்டிங் என்பவர் 1997-இல் ஜாவா மொழியில் எழுதத் தொடங்கி, 2000-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டு, மறு ஆண்டில் அப்பாச்சி மென்பொருள் ஸ்தாபனத்திடம் சேர்த்த லூசீன் என்னும் தேடல் நிரல்நூலகமும் (அவர் மனைவியின் இடைப்பெயர் அது) இந்த ஒற்றை வரிக்கென ஒரு சிறு பாஷையை வைத்திருந்தது. கட்டாயம் இருக்க வேண்டிய சொல்லுக்கு முன் கூட்டற்குறி, இருக்கலாகாததற்குக் கழித்தற்குறி, தொடருக்கு மேற்கோட்குறி, எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ள அலைக்குறி என்று அந்தப் பாஷை மனிதர் கையால் தட்டெழுதுவதற்கு மிகவும் சௌகரியமாக அமைந்திருந்தது.

விபரீதம் விளைந்தது, மனிதருக்கென அமைந்த அந்தப் பாஷையை நிரல்கள் பேசத் தொடங்கியபோது. பயனர் எழுதியதை அப்படியே எடுத்து, முன்னும் பின்னும் சில துண்டுகளை ஒட்டி, நீண்ட சரமாக்கி, அதை மறுபடியும் பிரித்துப் பொருள் கொள்ளும்படி லூசீனிடமே ஒப்படைப்பது சோம்பலுக்கு உகந்த குறுக்குவழியாயிற்று. பயனர் அடைப்புக்குறி ஒன்றைத் திறந்து மூட மறந்தால் தேடல் பிழையில் முறிந்தது. ஒரு பெயருக்கு முன் தற்செயலாக விழுந்த சிறு கோடு, அந்தப் பெயர் உள்ளவற்றையெல்லாம் விலக்கும் கட்டளையாகிவிட்டது. இவையாவது கண்ணுக்குத் தெரியும் கேடுகள். ஒருவர் தம் அலுவலகத்து ஆவணங்களை மட்டுமே காணலாம் என்னும் நிபந்தனையையும் அதே சரத்தின் வாலில் ஒட்டி வைத்த நிரல்களில், சாமர்த்தியசாலி ஒருவர் பெட்டியில் ஓர் அடைப்புக்குறியையும் ‘அல்லது’ என்பதற்குரிய சொல்லையும் இட்டு, அந்த நிபந்தனையையே அர்த்தமற்றதாக்கிப் பிறருடைய ஆவணங்களைப் படித்துவிட முடிந்தது. நிரலே உண்டாக்கும் வினவலைச் சரமாக்கிப் பின் பிரிப்பதைவிட, வினவற் பொருள்களை (ஆப்ஜெக்ட்) நேரே கட்டுவதே தகும் என்று லூசீனின் ஆவணமே எச்சரித்தது. ஆவணத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

நேரே கட்டுவதும் எளிதாயில்லை. ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு பொருளை ஆக்கி, பெயரிட்டு, பெரிய பொருளில் சேர்த்து வரும்போது பத்து வரிகள் ஓடிவிடும். படிப்பவருக்கு உத்தேசம் விளங்காது. இந்த இடர்ப்பாட்டுக்குப் பரிகாரம் தேடல் துறைக்கு வெளியிலிருந்து வந்தது. ஒரே பொருளுக்குப் பல செய்திகளை அரைப்புள்ளியிட்டு அடுக்கி அனுப்பும் வழக்கம் ஸ்மால்டாக் மொழியில் முன்னரே உண்டு. ஜாவாவில் ஜேமாக் என்னும் சோதனை நூலகத்தார் வாக்கியம்போலப் படிக்கத்தக்க நிரலை எழுதிக் காட்டினர். 2005 டிசம்பரில் மென்பொருள் நூலாசிரியர் மார்ட்டின் ஃபவுலர், தாமும் அத்துறையினரான எரிக் எவன்ஸும் இந்த முறைக்குச் சூட்டிய ‘ஃப்ளூவென்ட் இன்டர்ஃபேஸ்’ (சரள இடைமுகம்) என்ற பெயரை எழுதி நிலைநாட்டினார். பொருளின் நிலையை மாற்றும் செயல் எதையும் திருப்பித் தரலாகாது என்ற பழைய ஒழுக்கத்தை இது மீறுகிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஒவ்வொரு செயலும் பொருளையே திருப்பித் தருவதனால்தானே அடுத்த செயலைப் புள்ளி வைத்துத் தொடுக்க முடிகிறது! 2006-இல் வலைப்பக்கங்களுக்கான ஜேகுவெரி நூலகமும், 2007-இல் மைக்ரோசாஃப்டின் லிங்க் என்னும் வினவல் வசதியும் வந்த பின், தொடுத்து எழுதுவதே இயல்பான எழுத்தென்று ஒரு தலைமுறை பழகிவிட்டது.

அந்தத் தலைமுறையின் கைக்குத்தான் எலாஸ்டிக்சர்ச் என்னும் தேடல் இயந்திரம் வந்து சேர்ந்தது. லண்டனில் சமையற்கலை பயின்ற தம் மனைவிக்குச் சமையற் குறிப்புகளைத் தேடித் தரும் கருவி ஒன்றைச் செய்யப் புகுந்த ஷே பேனன், முதலில் லூசீனின் மேல் காம்பஸ் என்ற நூலகத்தை அமைத்து, பின் அதனை விட்டுப் புதிதாக எழுதி, 2010 பிப்ரவரியில் வெளியிட்டது அது. அதன் வினவல் சரமன்று. ஜேசான் என்னும் தரவு வடிவில் அடைப்புக்குள் அடைப்பாக விரியும் மரம். அதில் விடையின் பொருத்த மதிப்பெண்ணைக் கூட்டும் நிபந்தனையும், மதிப்பெண்ணைத் தொடாமல் தகுதியை மட்டும் சோதிக்கும் வடிகட்டியும் வெவ்வேறு கிளைகளில் நிற்பது பெரிய நன்மை. வடிகட்டியின் விடையை நினைவில் வைத்து மறுமுறை உபயோகிக்கலாம் என்பதால் வேகமும் கூடியது. ஆனால் அந்த அடைப்புகளைக் கையால் எழுதி எண்ணிக்கை பிசகாமல் மூடுவது கடினம். எனவே ஜாவாவில் குவெரி பில்டர்ஸ், டாட்நெட்டில் நெஸ்ட் என்று சரள நூலகங்கள் தோன்றின. பயனரின் சொல் எப்போதும் மதிப்பாகவே நிற்கிறது, கட்டளையாக மாறுவதில்லை என்பதே இவற்றின் தலையாய சிறப்பு. படிக்க அழகாயிருப்பது அதற்கு அடுத்தபடிதான் என்பேன்.

அழகு சில வேளை கண்ணை மறைக்கவும் செய்யும். நெஸ்ட், மதிப்பு வெறுமையாயிருக்கும் நிபந்தனையைத் தானாகவே விட்டுவிடும். தேடற்படிவத்தில் நிரப்பப்படாத கட்டங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் வேலை இதனால் மிச்சம். ஆயின் எல்லாக் கட்டங்களும் வெறுமையாயின் வினவலே மறைந்து, சேமித்துள்ள ஆவணங்கள் யாவும் விடையாக வந்து நிற்கும். பூத்தொடுப்பதுபோல் ஒரே வரிசையில் தொடுத்தாலும் உள்ளே உருவாவது கிளைகளுள்ள மரம் என்பதை மறந்தவர்கள், ‘அல்லது’ எந்தக் கிளையில் ஏறியது என்று அறியாமல் திகைத்ததுண்டு. லூசீனுக்கும் ஒரு பாடம் இருந்தது: கட்டி முடித்த வினவலைப் பின்னால் யாராவது மாற்றினால், நினைவில் வைத்த விடை பொய்யாகிவிடும். ஆகவே 2016-இல் வந்த 6-ஆம் பதிப்பில், பூலிய வினவலைக் கட்டுவதற்குத் தனிப் பொருளும், கட்டிய பின் மாற்ற இயலாத வினவலும் என இரண்டாகப் பிரித்தார்கள்.

நெஸ்ட்டின் காலமும் முடிந்துவிட்டது. எலாஸ்டிக்சர்ச்சின் 8-ஆம் பதிப்பையொட்டி டாட்நெட்டுக்கும் ஜாவாவுக்கும் புதிய நூலகங்கள் பழையவற்றின் இடத்துக்கு வந்தன. அவற்றிலும் தொடுத்தெழுதும் நடை நிலைத்திருக்கிறது; நூலகத்தின் பெரும்பகுதியை மட்டும் இப்போது மனிதர் எழுதுவதில்லை, பொதுவான விவரக்குறிப்பு ஒன்றிலிருந்து யந்திரமே எழுதித் தருகிறது.