ஒரு கட்சிக்காரர், மூன்று வழக்குகள்: திலகரின் வழக்கறிஞர்கள் செய்த வேலை

1916 ஜூலை 23. புணே நகரம் பால கங்காதர திலகரின் அறுபதாம் பிறந்த நாளைக் கொண்டாடியது. அன்பர்கள் ஒரு லட்ச ரூபாய் கொண்ட பணமுடிப்பை அவரிடம் அளித்தனர். அதே நாளில் அரசின் அறிவிப்பொன்றும் அவர் கைக்கு வந்தது. ஓராண்டு நன்னடத்தைக்கு 20,000 ரூபாய்க்குப் பிணைமுறியும், தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்களும் ஏன் கேட்கப்படக் கூடாது என்று விளக்கம் தருமாறு அது கோரியது.

திலகர் வழக்குகள் என்றாலே 1908இல் அவர் ஆற்றிய நீண்ட உரைதான் நினைவுகூரப்படுகிறது. அதன் நிழலில் மறைந்துபோனது வழக்கறிஞர்களின் அன்றாட வேலை: பிணைமனு, மொழிபெயர்ப்பைச் சோதித்தல், குறுக்கு விசாரணை, மேல் நீதிமன்றத்தில் மறு ஆய்வு. இராஜநிந்தனை வழக்குகளில் எதிரியின் தலைவிதி பெரும்பாலும் இந்தச் சுவையற்ற காரியங்களில்தான் நிர்ணயமாயிற்று.

முதல் வழக்கு 1897இல். ‘கேசரி’யின் ஜூன் 15 இதழில் வெளிவந்தவற்றுக்காக ஜூலை 27 அன்று திலகர் கைதானார். ஜூன் 22 இரவில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டிருந்தார். ஆங்கிலேயப் பத்திரிகைகள் கொதித்துக்கொண்டிருந்தன. முந்தைய பிணை முயற்சிகள் தோற்ற பின், பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பத்ருதீன் தயாப்ஜி முன் வழக்கறிஞர் தின்ஷா தாவர் வாதாடினார். ஆகஸ்ட் 4 அன்று பிணை கிடைத்தது. விசாரணைக்கு முன்பே சிறையிலிருக்கும் ஒருவர் தம் தரப்பைத் திரட்டுவது எப்படி என்பதே அங்கு எழுந்த கேள்வி. மராத்தி எழுத்துக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அது வெறும் சௌகரியப் பிரச்சினையன்று. மொழிபெயர்ப்பைச் சொல் சொல்லாக ஒப்பிடவும், சாட்சிகளைத் தேடவும், பழைய இதழ்களைப் புரட்டவும் வெளியே இருந்தாக வேண்டும்.

ஆயினும் செப்டம்பரில் நீதிபதி ஸ்ட்ரேச்சி, 124அ பிரிவிலுள்ள ‘அரசின்மீது விசுவாசக்கேடு’ என்பதற்கு ‘அன்பின்மை’ என்னும் அளவுக்கு விரிந்த பொருளை ஜூரிக்கு எடுத்துரைத்தார். ஐரோப்பியர் அறுவர் குற்றவாளி என்றனர். இந்தியர் மூவர் அல்ல என்றனர். தண்டனை பதினெட்டு மாதம். அடுத்த ஆண்டே அப்பிரிவு திருத்தி விரிவாக்கப்பட்டது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 108ஆம் பிரிவும் இடம்பெற்றது: இராஜநிந்தனையைப் பரப்புவோரிடம் குற்றத் தீர்ப்பின்றியே நன்னடத்தைப் பிணை கேட்கலாம். 1916இல் புணேயில் திலகர்மீது பாய்ந்தது இந்த 108தான்.

1908இல் காட்சி தலைகீழாயிற்று. பிணை கேட்டு நின்றவர் முகம்மது அலி ஜின்னா. நீதிபதி இருக்கையில் அதே தாவர். பதினொரு ஆண்டுகளுக்கு முன் தாமே முன்வைத்ததை ஏறத்தாழ ஒத்த வாதத்தை அவர் கேட்டார். காரணங்களை விரித்துரைக்காமலே மறுத்தார். மனிதர் மாறினார் என்பதைவிட, பிணை என்பது எவ்வளவு தூரம் நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது என்பதே இங்கு ஆய்வாளர் கவனிக்க வேண்டியது.

விசாரணையில் திலகர் தமக்காகத் தாமே வாதாடினார். புணேயில் ஒரு காலத்தில் சட்ட வகுப்பு நடத்திய அவருக்கு நடைமுறை புதிதல்ல. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரைக் குறுக்கு விசாரணை செய்து, ஆங்கிலத்தில் ஏறிய கடுமை மராத்தி மூலத்தில் இல்லை என்று காட்ட முயன்றார். ஜூரியில் பெரும்பான்மையோர் மராத்தி அறியாதவர்கள். ஐரோப்பியர் எழுவர் ஒரு பக்கம், பார்சிகள் இருவர் மறுபக்கம். ஜூலை 22 அன்று ஆறாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. அதே மாதம் 7ஆம் தேதிதான் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை விதித்திருந்தார் என்பதைத் தமிழ் வாசகர் உடன்வைத்துப் பார்க்கலாம். வ.உ.சி.யும் வழக்கறிஞர், அங்கும் பேச்சு தமிழில், தீர்ப்பு ஆங்கிலத்தில்.

இனி 1916. பெல்காமிலும் அகமத்நகரிலும் சுயாட்சி குறித்துத் திலகர் ஆற்றிய மூன்று மராத்திப் பேச்சுகள் பிரச்சினைக்குரியவை. போலீசார் எடுத்த குறிப்புகளின் ஆங்கிலப் பெயர்ப்பே அரசுத் தரப்பின் ஆதாரம். புணே ஜில்லா மாஜிஸ்திரேட் முன் ஜின்னா தலைமையில் எதிர்வாதம் நடந்தது. ஜூரி இல்லை. ஆகஸ்டில் பிணைமுறி எழுதித்தர ஆணையாயிற்று.

வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிபதிகள் பேச்சிலரும் ஷாவும் கேட்டனர். திலகர் முடியாட்சியிடம் விசுவாசம் தெரிவித்தவர், அவர் தாக்கியது சிவில் சர்வீசை மட்டுமே, ஆகவே அது அரசைத் தாக்கியதாகாது என்பது ஜின்னாவின் ஒரு வாதம். கேட்க அழகான வாதம்; பேச்சிலர் அதை ஏற்கவில்லை. அரசு மனிதர்கள் மூலமே இயங்குகிறது, சிவில் சர்வீசை ஒட்டுமொத்தமாகச் சாடுவது அரசின்மீது வெறுப்பை மூட்டுமா என்பது அந்தந்த வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது என்றார். 124அ பிரிவின் பொருளைக் குறுக்கும் முயற்சியும் பலிக்கவில்லை. பழைய முன்தீர்ப்புகள் குறுக்கே நின்றன.

வென்றது வேறொன்று. பேச்சுகளை முழுமையாகப் படிக்க வேண்டும், எந்தத் தரப்புக்காகவும் சொற்களை வலிந்து பொருள்கொள்ளக் கூடாது, தனித்த வாக்கியங்களைவிட மொத்த விளைவே முக்கியம் என்ற அளவுகோலை நீதிமன்றம் கைக்கொண்டது. சில பகுதிகள் ஆட்சேபகரமானவை என்று கருதியும், மொத்தத்தில் விசுவாசக்கேட்டைத் தூண்டும் பேச்சல்ல என்று முடிவு செய்தது. நவம்பர் 9 அன்று மாஜிஸ்திரேட்டின் ஆணை ரத்தாயிற்று. 1908இன் ஜூரி முன் எடுபடாத ‘மூலத்தை முழுதாகப் பாருங்கள்’ என்ற கோரிக்கை, பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டிய இரு நீதிபதிகள் முன் எடுபட்டது.

சுயாட்சிப் பிரசாரத்துக்கு இத்தீர்ப்பு பெரும் ஊக்கமளித்தது. அரசும் பாடம் கற்றுக்கொண்டது. 1917 பிப்ரவரியில் பஞ்சாபுக்கும் டெல்லிக்கும் திலகர் வரக் கூடாதென இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை பிறந்தது. அதற்கு விசாரணை தேவைப்படவில்லை. குறுக்கு விசாரணை செய்ய ஒரு சாட்சியும் கூண்டில் ஏறவில்லை.