அந்தமானுக்கு முன்னால் மாமல்லைக் கடல்

பொட்டி தட்டுற நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா ஒரு டூர் பிளான் வந்தே தீரும். எங்க டீம்ல இந்த முறை அந்தமான், அதுல ஹேவ்லாக் தீவு (2018 டிசம்பர்லேர்ந்து அதுக்குப் பேரு ஸ்வராஜ் தீவு), அங்க ஸ்கூபா டைவிங். எக்ஸெல் ஷீட் போட்டு விமானம், படகு, டைவிங் கட்டணம்னு கலர் கலரா நிரப்பியாச்சு. நான் செங்கல்பட்டுக்காரன். திருக்கழுக்குன்றம் வழியா பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல மாமல்லபுரம். "நம்ம கடல்ல முங்கினா என்ன தெரியும்?"னு கேட்டேன். "சேறு தெரியும்"னு பதில் வந்துச்சு.

அது முழுக்கப் பொய்யும் இல்லை. நம்ம கரையோரத் தண்ணி அந்தமான் மாதிரி கண்ணாடி கிடையாது. ஆனா அந்தச் சேத்துத் தண்ணிக்குள்ள முங்கிப் பார்க்கிறதுக்குன்னே இங்கிலாந்துலேர்ந்து ஒரு குழு கிளம்பி வந்த கதை நிறைய பேருக்குத் தெரியாது. அதான் இந்தப் பதிவு.

கதை 18ஆம் நூற்றாண்டுல தொடங்குது. ஐரோப்பிய மாலுமிகள் மாமல்லபுரத்தை 'ஏழு கோயில்கள்'னு அர்த்தம் வர்ற பேரால கூப்பிட்டாங்க. கரையில நிக்கிறது ஒரே ஒரு கடற்கரைக் கோயில், அப்ப மீதி ஆறு எங்கே? வில்லியம் சேம்பர்ஸ்னு ஒரு ஆங்கிலேயர் 1772லயும் 1776லயும் இங்க வந்து பார்த்துட்டு ஒரு கட்டுரை எழுதினார். 1788ல கல்கத்தாவுல அச்சாச்சு. உள்ளூர்ப் பெரியவங்க அவர்கிட்ட சொன்னது: கடலுக்குள்ள தள்ளி சில கோயில்களோட உச்சி தெரியும், மேல செம்புத் தகடு போர்த்தியிருந்ததால காலை வெயில்ல மின்னும். இப்ப ஏன் மின்னலைன்னா, செம்பு களிம்பு ஏறிப் போச்சாம். எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி இதுதான். கட்டுக்கதை சொல்றவன் களிம்பு வரைக்கும் யோசிக்க மாட்டான்னு தோணும். ஆனா நல்லா கதை கட்டத் தெரிஞ்சவன் கண்டிப்பா யோசிப்பான் :-)

இந்திரன் பொறாமைப்பட்டுக் கடலை ஏவி ஊரை முழுக வச்சான்ங்கிற கதையையும் அவர் பதிவு பண்ணியிருக்கார். இங்கிலாந்துக் கவிஞர் ராபர்ட் சதே 1810ல ஒரு நெடுங்கவிதையில அந்த முழுகின ஊரை எடுத்துக்கிட்டார். அதோட நம்மூர் வதந்தி உலக வதந்தி ஆயிடுச்சு.

அப்புறம் ரொம்ப நாளைக்கு யாரும் முங்கிப் பார்க்கலை. முங்க வழியும் இல்லை. தோள்ல சிலிண்டரை மாட்டிக்கிட்டு சுதந்திரமா நீந்துற கருவியை பிரான்ஸ்ல குஸ்தோவும் காஞ்ஞானும் 1943லதான் செஞ்சாங்க. இந்தியாவுல அதைத் தொல்லியலுக்குக் கொண்டு வந்ததுல எஸ்.ஆர். ராவ் முக்கியமானவர். கோவாவுல இருக்கிற தேசிய கடலியல் நிறுவனத்துல 1980கள்ல துவாரகைக் கடல்ல வேலை நடந்துச்சு. அடுத்து நம்ம பூம்புகார். 1990களோட தொடக்கத்துல அங்க கரையிலேர்ந்து அஞ்சு கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்துல, குதிரை லாட வடிவத்துல ஒரு அமைப்பைப் பார்த்தாங்க. அது மனுஷன் கட்டினதா இயற்கையாங்கிறது தனிச் சண்டை.

மாமல்லபுரத்து முறை 2002 ஏப்ரல்ல வந்துச்சு. கோவா நிறுவனமும் இங்கிலாந்தோட டோர்செட்ல இருந்து வந்த அறிவியல் ஆய்வுப் பயணச் சங்கமும் சேர்ந்து முங்கினாங்க. பின்னால இருந்த உந்துதல் கிரஹாம் ஹான்காக், முழுகின நாகரிகங்களைப் பத்திப் பரபரப்பா புத்தகம் எழுதுறவர். அவருக்குத் துப்பு கொடுத்தது யாருங்கிறீங்க? நம்ம மீனவங்கதான். எந்த இடத்துல வலை கல்லுல மாட்டும், எந்த இடத்துல மீன் தங்கும்னு அவங்களுக்குத் தலைமுறை தலைமுறையா தெரியும். செய்தித்தாள்ல 'கண்டுபிடிப்பு'ன்னு போட்டப்ப அவங்க சிரிச்சிருப்பாங்க.

கரைக்கு 500லேர்ந்து 700 மீட்டர் தூரத்துல, அஞ்சு முதல் எட்டு மீட்டர் ஆழத்துல பல இடங்கள்ல பார்த்தாங்க. சுவர் மிச்சம், சதுரமாவும் செவ்வகமாவும் வெட்டின கல்லுங்க, படி வச்ச ஒரு மேடை மாதிரி அமைப்பு. எல்லாத்து மேலயும் கடல் உயிரிகள் தடிமனா ஒட்டிக் கிடந்துச்சு. எட்டு மீட்டர்ங்கிறது டைவிங்ல ஒண்ணுமே இல்லை. முதல் நிலை சான்றிதழ் வாங்கினாலே 18 மீட்டர் வரைக்கும் போகலாம். எட்டு மீட்டர்ல அழுத்தம் 1.8 மடங்கு. 12 லிட்டர் சிலிண்டர்ல 200 பார் காத்து, நிமிஷத்துக்கு 20 லிட்டர் மூச்சு, 50 பார் கையிருப்புன்னு வச்சா 50 நிமிஷம் கீழ இருக்கலாம். அம்பது நிமிஷத்துல ஒரு சுவரை அளக்கலாம். ஆனா அதோட வயசை வெறும் கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது.

அங்கதான் சண்டையே. ஹான்காக் தரப்பு, கடல் மட்டக் கணக்கை வச்சு 6000 வருஷம்னு பேசுச்சு. கோவா ஆய்வாளர்கள் அடக்கமா, பல்லவர் காலமா இருக்கலாம், 1200லேர்ந்து 1500 வருஷம் முன்னாடின்னாங்க. அவங்க எடுத்துக்காட்டின கணக்கு எளிமையானது. பக்கத்துக் கல்பாக்கம் கரையை வருஷத்துக்கு சராசரி 55 செ.மீ. கடல் அரிக்குது. அதே வேகம் இங்கயும்னா 1500 வருஷத்துக்குச் சுமார் 800 மீட்டர். அதாவது அந்தச் சுவருங்க இருந்த இடம் அப்போ தரை. கடல் மட்டம் உயரவே வேண்டாம், கரை பின்வாங்கினாலே போதும்.

நான் கோவா கட்சி. ஆனா இந்தக் கணக்குல ஒரு உறுத்தல் இருக்கு. காஞ்சிப் பல்லவர் அவையோட தொடர்புள்ள வடமொழிக்காரர் தண்டி, 'அவந்திசுந்தரி கதை'யில மாமல்லபுரத்துக்கு வந்து, கடலோரத்துல பள்ளிகொண்ட திருமாலைப் பார்த்ததா எழுதியிருக்கார். அந்தப் பெருமாளோட காலை அலை தொடுது. கடற்கரைக் கோயிலுக்குள்ள இன்னிக்கும் படுத்திருக்கிற திருமால்தான் அதுன்னு ஆய்வாளர்கள் சிலர் சொல்றாங்க. அது சரின்னா அப்பவே கடல் கோயில் வாசல்ல இருந்திருக்கு. பிறகு 800 மீட்டர் எங்க போச்சு?

எனக்குத் தோணுறது, இங்க கரை ஒரே நேர்க்கோடா இருந்திருக்காது. கோயில் நிக்கிறது பாறை மேல. பாறை நிக்கும், மணல் போகும். அலை ஒரு பக்கம் காலைத் தொட்டிருக்கும், இன்னொரு பக்கம் நிலம் மூக்கு மாதிரி கடலுக்குள்ள நீண்டிருக்கும். சராசரிங்கிற சொல்லை நம்பி 1500 வருஷத்தைப் பெருக்கினா இந்த வளைவு நெளிவெல்லாம் காணாமப் போயிடும். இது என் ஊகம், ஆய்வு முடிவு இல்லை. கல்வெட்டுப் படிக்கிற நண்பர்கள் மறுத்தா சந்தோஷம்.

2004 டிசம்பர் 26 காலையில கடல் தானே திரையை விலக்குச்சு. சுனாமி அடிக்கிறதுக்கு முன்னாடி தண்ணி பின்வாங்கினப்ப, வரிசையா பெரிய கல்லுங்களைப் பார்த்ததா கரையில இருந்தவங்க சொன்னாங்க. அடுத்து வந்ததை வேடிக்கை பார்க்க யாருக்கும் நேரமில்லை. இந்தக் கரையெங்கும் எத்தனை குப்பங்கள் அழிஞ்சதுன்னு நான் சொல்லத் தேவையில்லை. 'சுனாமி தந்த புதையல்'னு அப்போ வந்த தலைப்புகளைப் படிக்கிறப்ப இன்னிக்கும் எரிச்சலா இருக்கு. அலை மணலை வாரிக்கிட்டுப் போன இடத்துல யானை, குதிரை, சிங்கம் செதுக்கின பாறைங்க வெளிய வந்துச்சு. 2005 தொடக்கத்துல இந்தியத் தொல்லியல் துறையோட கடலடிப் பிரிவும் கடற்படையும் மறுபடியும் முங்கினாங்க.

பெரிய கண்டுபிடிப்பு ஆனா தண்ணிக்குள்ள கிடைக்கலை. வடக்கே சாளுவன்குப்பத்துல, புலிக்குகைக்குப் பக்கத்துல, அலை ஒரு பாறைக் கல்வெட்டை வெளிக்காட்டியிருந்துச்சு. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துது. திருவிழ்ச்சில்ங்கிற ஊர்ல ஒரு முருகன் கோயில் இருந்ததா அதுல இருந்துச்சு. ஊர் இருக்கு, கோயில் எங்கே? தி. சத்தியமூர்த்தி தலைமையில தொல்லியல் துறை பக்கத்து மணல் மேட்டைத் தோண்டுச்சு. மேல பல்லவர் காலக் கருங்கல் கோயில், அதுக்கு அடியில அதைவிடப் பழைய செங்கல் கோயில். வடக்குப் பார்த்த கருவறை, முன்னாடி கல்லுல செஞ்ச வேல். செங்கல் கட்டடம் சங்க காலத்துதுன்னு அகழ்ந்தவங்க கருத்து. கடல் பொங்கி வந்து ஒரு தடவை செங்கல் கோயிலையும், பல நூற்றாண்டு கழிச்சு கருங்கல் கோயிலையும் சாய்ச்சிருக்குன்னும் அவங்க சொன்னாங்க.

இதைப் பார்க்க சிலிண்டர் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில புலிக்குகை நிறுத்தத்துல இறங்கி கடல் பக்கம் நடக்கணும். வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுங்க, நிழலே கிடையாது.