சலோட்டேயின் தங்கமும் கலாகாவுவாவின் வெள்ளியும்

பசிபிக் தீவுகளின் அரச நாணயங்கள் என்றதும் சேகரிப்பாளர்கள் முதலில் சொல்வது டோங்கா 1962-இல் வெளியிட்ட ‘கூலா’வைத்தான். பாலினீசியாவின் முதல் தங்கக் காசு என்ற பெருமையோடு வந்தது அது. ஒரு புறம் அரசி மூன்றாம் சலோட்டே துபோ, மறுபுறம் அரச முத்திரை. இதற்கு எண்பது ஆண்டுக்கு முன்பே ஹவாயில் கலாகாவுவா மன்னர் தம் முகம் பொறித்த வெள்ளிக் காசுகளை அடிக்கச் செய்திருந்தார். விலையில் தங்கத்தின் பக்கத்தில் வெள்ளி நிற்க முடியாது. ஆனால் நாணயம் என்பது செலவழிக்கத்தானே?

கூலா 22 காரட் தங்கம். முழுக் கூலாவின் எடை 32.5 கிராம், நம்மூர்க் கணக்கில் நாலு சவரனுக்குச் சற்றே மேல். கால் கூலா ஏறக்குறைய ஒரு சவரன். இதைக் கொண்டுபோய் யார் தேங்காய் வாங்குவார்கள்? பெட்டிக்குள் வைத்துப் பார்க்கவே பிறந்த காசு. அடுத்த ஆண்டு இந்தக் காசைக் கொண்டாட டோங்கா ஒரு வேடிக்கை செய்தது: தங்கத் தாளில் வட்டமாகப் புடைத்து, காசைப் போலவே தபால்தலை வெளியிட்டது. கூலா வாங்க வசதியில்லாதவர்கள் அதையாவது வாங்கலாம்.

கலாகாவுவாவின் காசு சந்தைக்கென்றே வந்தது. 1883 என்று ஆண்டு பொறித்து, சான் பிரான்சிஸ்கோ அக்கசாலையில் அடித்தார்கள். பத்து சென்ட், கால், அரை, முழு டாலர் என நான்கு வகை. மொத்த மதிப்பு பத்து லட்சம் டாலர். ஏற்பாடு செய்தவர் கிளாஸ் ஸ்பிரெக்கெல்ஸ் என்ற சர்க்கரை முதலாளி. வெள்ளியின் அடக்கவிலை முகமதிப்பைவிடக் குறைவு என்பதால் நல்ல லாபம். மன்னரின் ஆடம்பரம் என்று சொல்லி எதிர்ப்பாளர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மையும் உண்டு. இருந்தும் அந்தக் காசு கடைகளில் புழங்கியது.

1893-இல் ஹவாய் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1898-இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. 1903-இல் சட்டம் போட்டு மன்னரின் வெள்ளியைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். அடித்த ஐந்து லட்சம் முழு டாலர்களில் மிஞ்சியவை சுமார் 46,000. சிலர் காசுக்கு எனாமல் பூசி ஊக்கு வைத்து மார்பில் குத்திக்கொண்டார்கள். கூலாவுக்கு இந்தக் கதி வரவில்லை, டோங்காவில் இன்றும் மன்னர் இருக்கிறார்.

சலோட்டே 1965-இல் காலமானார். டோங்கா தசம நாணயத்துக்கு மாறிய 1967-இல்தான் அவர் முகம் சில்லறையாகத் தீவு மக்களின் கைக்கு வந்தது. ஒரு செனிட்டி காசின் ஒரு பக்கம் அரசி, மறுபக்கம் ஆமை. கலாகாவுவாவின் டாலருக்குச் சரியான ஜோடி அந்தச் செனிட்டிதான், கூலா அல்ல.